லென்ஸைத் துடைத்த மாப்பிள்ளை

எங்கள் கல்யாணத்தை என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சின்னக் காமிராவில் ஓடும் படமாக எடுத்திருந்தார். சத்தம் கிடையாது, கறுப்பு வெள்ளை. அடுத்த ஆடிக்குள் என் மாமனார் காலமாகிவிட்டார். போட்டோ என்று அவர் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அந்தப் பிலிம் சுருளில் மட்டும்தான் அவர் மிச்சம் இருந்தார். ஓட்டிப் பார்க்கத்தான் எங்களிடம் கருவி இல்லை.

அந்தச் சமயத்தில்தான், நான் வேலை பார்த்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தன் வீட்டு புரொஜக்டரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உடனே நான் மாமனார் ஊரான காடாம்புலியூருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குவார்ட்டர்ஸுக்கு வாருங்கள், மாமாவைச் சுவரில் நடக்கவைத்துக் காட்டுகிறேன் என்று.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால், சுவரில் சாம்பிராணிப் புகை போட்ட மாதிரி இருந்தது. லென்ஸ் முழுக்க பழுப்புத் தூசி. எங்கள் குடியிருப்பு பிளாக்கில் காயப்போட்ட வேட்டியே சுரங்கத் தூசியில் மாலைக்குள் பழுப்பாகிவிடும், லென்ஸ் மட்டும் தப்புமா?

"ஏங்க, தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுக்கிட்டு தொடுங்களேன்" என்றாள் என் மனைவி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பார்க்கிற மெஷின் இந்த பிளாக்கைவிடப் பெரிசு. கட்டைவிரல் அளவு கண்ணாடிக்கு இன்னொருத்தனைக் கேட்கணுமா?"

மறுநாள் காலையில் வேலையில் இறங்கினேன். போட்டிருந்த பனியனையே கழற்றி அழுத்தித் துடைத்தேன். தூசியில் மணலும் கலந்திருக்கும் என்பது தினமும் அதிலேயே புரளும் எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியில் மெல்லிய கோடுகள் விழுந்தன. உள்ளேயும் தூசி இருந்ததால் குழாயைத் திருகிக் கழற்றினேன். மூன்று கண்ணாடிகள் மடியில் வந்து விழுந்தன. எது முன்னால், எது பின்னால், எந்தப் பக்கம் வெளியே என்று பார்த்து வைக்காமலே மூன்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டு அலசினேன். காய்ந்ததும் எனக்கு நியாயமாகப் பட்ட வரிசையில் உள்ளே தள்ளி மூடினேன். பளபளவென்று இருந்தது. பகல் வெளிச்சத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை என்று நினைத்தேன்.

மாமியார் பலாப்பழத்தோடும் பத்துப் பதினைந்து சொந்தக்காரர்களோடும் வந்திறங்கினார். இருட்டியதும் ஜன்னலைச் சாத்தி, சின்னப் பிரசங்கம் ஒன்றும் செய்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

சுவரில் வெள்ளையாகச் சில மேகங்கள் நகர்ந்தன. லென்ஸை முன்னே திருகினேன், பின்னே திருகினேன். மேகம் பெருத்தது, சிறுத்தது, ஆளாகவில்லை. "கொஞ்சம் இருங்க, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் மனைவி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. "அதோ பாரு, பெரியம்மா குந்திக்கினு இருக்குது!" என்றார் ஒருவர். "பெரியம்மாவா? அது வாழமரம்டா" என்றார் இன்னொருவர். மேகங்களுக்கு ஆளாளுக்குப் பெயர் வைத்து, சண்டை போட்டு, சிரித்தார்கள். அப்போது மாமியார் எழுந்து சுவரண்டை போய் நின்றார். "இதோ நிக்கிறாரு. என்னத்தான் பாத்துக்கினு இருக்காரு" என்றார். நான் லென்ஸைத் திருகுவதை விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊருக்குப் போன பின் ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்தேன். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து, மருந்துக் கடையில் வாங்கிய ரப்பர் குமிழால் முதலில் தூசியை ஊதி, பிறகுதான் பலமுறை துவைத்த மல் துணியால் வலிக்காமல் ஒற்றி எடுத்தேன். கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். என் மனைவி சுவரைப் பார்த்து, "இல்லீங்க", "இன்னும் மோசங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடுக் கண்ணாடியைப் புரட்டிப் போட்ட அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவரில் அவள் மணக்கோலத்தில் குனிந்திருந்தாள். பக்கத்தில் நான், ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மாமியாரை மறுபடி வரவழைத்தோம். இந்த முறை நூல் நூலாகத் தெரிந்தது. மாமனாரும் இருந்தார், ஆனால் முதுகு மட்டும். பந்திக்கு ஓடுகிறார், பாயைத் தூக்குகிறார், யாரையோ கூப்பிடுகிறார். ஒரு இடத்திலும் காமிரா பக்கம் திரும்பவில்லை. அன்று மாமியார் காட்டிய இடத்தில் நின்றவர் சமையல்காரர், கையில் கரண்டியோடு.

படம் முடிந்தது.

"வூட்லயும் இப்டித்தான். ஒரு நாளு நின்னு மூஞ்ச காட்ட மாட்டாரு" என்று மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "மாப்ள, கோச்சிக்காதீங்க. அன்னிக்கி காட்டுனீங்களே, அந்த மாதிரி ஒருவாட்டி காட்டுங்களேன்."

நான் சுருளைத் திரும்பச் சுற்றி மாட்டினேன். லென்ஸை, மங்கும்வரை, மெல்லத் திருகினேன்.