அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்

என் கணவர் ஒரு தலைவருக்குப் பின்னால் பன்னிரண்டு வருடம் நின்றார். நின்றார் என்றால் நின்றார்தான். மேடையில் தலைவரின் இடது தோளுக்குப் பின்னால், கல்யாண வீட்டில் தலைவர் சாப்பிடும் பந்தி ஓரமாக, ஆபீசில் கதவுக்குப் பக்கத்தில். அந்தக் காலத்து போட்டோ எதை எடுத்தாலும் அவருடைய பாதி முகம் இருக்கும். முழு முகமும் தெரிகிற படம் எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான்.

தலைவர் என்றதும் மெட்ராஸ் தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆரணியில் கட்சிக்குப் பெரியவர், அவ்வளவுதான். ஊரில் அண்ணன் என்றால் அவர். பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. என் கணவர் அதே தெருவில் நெசவு வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அண்ணன் கட்சிக்குப் போனதும் இவரும் தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூடவே போய்விட்டார். என் டீச்சர் சம்பளத்திலும் கொழுந்தனாரின் தறியிலும் குடும்பம் நடந்தது. அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கடைத்தெருவில் போனால் நாலு பேர் வழிவிடுவார்கள்.

எங்கள் மகள் பிறந்தபோது இவர் அண்ணனோடு மறியலுக்குப் போய் வேலூர் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். அண்ணன் மைக்கில் பெயர் வைத்தார், கூட்டம் கை தட்டியது. நான் மனதில் வைத்திருந்த பெயர் வேறு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகளுக்கு இரண்டு வயதாகும்போது என்னைத் தேசூருக்கு மாற்றினார்கள். தினமும் போய்வர முடியாது. சேத்துப்பட்டில் வண்டி மாற வேண்டும், மாறுகிற வண்டி வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. தேசூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை விடிகாலையில் போனால் சனிக்கிழமை மத்தியானம் திரும்புவேன். மகளை ஓரகத்தியிடம் விட்டேன். கொழுந்தனாரின் மனைவி, அவளுக்குப் பிள்ளை இல்லை. நல்லவள். அதுதான் எனக்குப் பேஜார். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

நாலு வயதில் மகள் அவளை அம்மா என்று கூப்பிட்டாள். என்னைத் தேசூரம்மா என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு கொல்லைப்பக்கம் போய் வாளித் தண்ணீரில் முகம் கழுவினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆரணிக்கு மாற்றல். என் மகள் என் மகளாக இருக்கும்போதே வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்கு அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சோறு போட்டுக்கொண்டே கேட்பேன். "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிகீறேன். நேரம் பாத்துகினு கீறாரு."

"நேத்து கட்சிக்கு வந்தவன் பொண்டாட்டிக்குப் போளூருக்கு ஆர்டர் வந்துடுச்சி. நமக்கு மட்டும் இன்னா நேரம் பாக்கறாரு?"

"அவங்கள்லாம் வெளியாளு. நாம வூட்டாளு. பந்தியில வூட்டாளுங்க கடைசிலதான் உக்காருவாங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வீட்டாள் என்றதும் கொஞ்சம் அடங்கிவிடுவேன். இப்படியே எட்டு வருடம் போனது.

தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அண்ணன் சீட்டு கேட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து பெரிய தலைவர் ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் மகளோடும் ஓரகத்தியோடும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மகள் ஓரகத்தி மடியில் சாய்ந்திருந்தாள்.

எங்கள் ஊர் நெசவாளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் பட்டு என்று எது வந்தாலும் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அசலா இல்லையா என்று தேய்த்த விரலே சொல்லிவிடும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே பொண்ணின் முந்தியைத் தேய்த்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. கண் சிமிட்டுகிற மாதிரி, கை தானாகச் செய்யும்.

அண்ணன் மைக் முன்னால் நின்று, ஆரணி மண்ணின் அசல் பட்டு, அசல் ஜரிகை, நெசவாளத் தோழர்கள் அன்பால் நெய்தது, இதைத் தலைவருக்குப் போர்த்துகிறேன் என்று முழங்கினார். என் கணவர் பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்தார். அவர் கட்டைவிரல் அசைந்ததை நான் கீழே இருந்து பார்த்தேன். முகம் மாறியதையும் பார்த்தேன். ஐயோ, கம்முனு குடுத்துடுங்க என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அவர் அண்ணன் காதுப் பக்கம் குனிந்தார். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் குனிந்தார். காதுக்கும் வாய்க்கும் நடுவில் மைக் இருந்தது.

"அண்ணே, இது பட்டு இல்லண்ணே. உங்கள எவனோ ஏமாத்திகீறான்."

மைதானம் முழுக்கக் கேட்டது.

முள்ளிப்பட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருவன் சிரித்தான். அத்தனை பேரும் தறிக்காரர்கள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பெரிய தலைவரும் சிரித்தார். அண்ணனும் சிரித்துக்கொண்டே சால்வையை வாங்கிப் போர்த்தினார். மகள் மட்டும் என்னைப் பார்த்து, "அப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

அண்ணனை யாரும் ஏமாற்றவில்லை. அவரே ஆள் அனுப்பி, தெரிந்தேதான் மலிவாக வாங்கியிருக்கிறார். மெட்ராஸ்காரருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார். விற்ற கடைக்காரன் மறுநாளே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். அதை நம்பாத ஒரே ஆள் என் கணவர்.

அண்ணன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மறுநாள் காரில் இவர் உட்காருகிற முன்சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து போனான், அவ்வளவுதான். வாசலில் இருந்தவன் இவரிடம், "அண்ணன் வேலையா கீறாரு" என்றான். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னான். இவர் தினமும் காலையில் குளித்து, கரை வேட்டி கட்டிக்கொண்டு போய் அண்ணன் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார். உச்சிவேளைக்குத் திரும்பி வந்து சாப்பிடுவார். சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது. சால்வையால்தான் போனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு சால்வைக்காக மெட்ராஸில் சீட்டைப் பிடுங்குவார்களா, எனக்குத் தெரியாது.

எனக்கு என் கவலை. எட்டு வருடமாகச் சொல்லிவைத்த விஷயம் இந்தக் கோபத்தில் அடிபட்டுப் போய்விடக் கூடாது. ஒரு சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். என்னை உள்ளே விட்டார்கள். அண்ணன் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"வாங்க டீச்சரம்மா. கொழந்த நல்லா கீதா? பையன்தான?"

"பொண்ணுண்ணே. நீங்கதான் பேர் வெச்சீங்க."

"ஆங், ஆமா ஆமா."

"அவரு அன்னிக்குத் தெரியாம பேசிட்டாரு. உங்க நல்லதுக்குன்னு நெனச்சித்தான்…"

"அத்த விடுங்க. முடிஞ்சி போச்சி."

"அந்தக் கோவத்துல என் டிரான்ஸ்பர் விசயத்த விட்டுடாதீங்கண்ணே. எட்டு வருசமா தேசூர்ல கீறேன்."

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா டிரான்ஸ்பரு?"

"அவரு உங்ககிட்ட சொல்லிகினேதான இருந்தாரு?"

அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "இல்லியேம்மா. உன் வூட்டுக்காரன் எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. பன்னெண்டு வருசத்துல ஒரு வாட்டிகூடக் கேட்டதில்ல. அதுக்குத்தான அவன பக்கத்துலயே வெச்சிகினு இருந்தேன்."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

"கேட்டிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

"ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். அப்புறம் அவனும் மத்தவங்க மாதிரி ஒரு ஆளு." பிறகு அவரே சொன்னார், "இப்ப முடியாதும்மா. சீட்டே போச்சி, எவன் என் பேச்சக் கேக்கறான்?"

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அது ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆறிப்போயிருந்தது.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, "ஏன் கேக்கல?" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தார்.

"அவர்கிட்ட வர்றவன் எல்லாம் கேக்கறவன்தான்," என்றார் சோற்றைப் பார்த்துக்கொண்டே. "கேக்காதவன் நான் ஒருத்தன்தான் இருந்தேன். அத்த உட்டா எங்கிட்ட வேற இன்னா இருந்திச்சி?"

திட்ட வேண்டும் என்று நினைத்தேன். பாத்திரத்தைத் தூக்கி எறியவும் கை பரபரத்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் எத்தனை சண்டைகளை மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். ரசத்தை எடுத்து ஊற்றினேன். அவர் போதும் என்று கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்து மாற்றல் வந்தது. யாருடைய சிபாரிசும் இல்லை, சர்வீஸ் கணக்கில் என் முறை வந்தது, வந்துவிட்டேன். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர் பழையபடி தம்பியோடு தறியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் திங்கட்கிழமை. பஸ்ஸுக்கு ஓட வேண்டாத முதல் திங்கட்கிழமை. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்றேன், இல்லை என்றாள். கண்ணாடியில் பார்த்து, நல்லா இருக்கு என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தேன். துணி துவைக்கிற கல்லில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஓரகத்தி பின்னால் நின்று, நான் பின்னியதைப் பிரித்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். மகள் அவளிடம் ஏதோ வகுப்புக் கதை சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா…" என்றாள்.

"பின்னு," என்றேன். "ஸ்கூலுக்கு நேரமாவுது."