ஈரத் தலையில் சீப்பு

வெள்ளைக்காரர் காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொல்லிமலையில் எங்கள் வீட்டுக்கு என் கொழுந்தன் மனைவியாக வந்தவள் பொன்னி. முழங்காலைத் தொடும் கூந்தல் அவளுக்கு. எனக்கோ எலிவால். அதை என் வீட்டுக்காரரே ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்துவிட்டார்.

வாரா வாரம் பொன்னிக்கு நான்தான் தலை தேய்த்துவிடுவேன். அரப்புத்தூளைச் சாமைக் கஞ்சியில் குழைத்துத் தேய்த்து, அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, விரலால் சிக்கெடுத்த பிறகுதான் சீப்பைத் தொட வேண்டும். ஈரத்தில் வாரினால் முடி அறுந்துபோகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வாரமும் ஈரத்தோடு உச்சியிலிருந்து சீப்பை அழுத்தி இழுத்தேன்.

“வலிக்குதா கண்ணு?”

“கொஞ்சமாத்தானுங்க்கா. நீங்க வாருங்க.”

சில மாதங்களில் அவள் சடை பாதியாக இளைத்தது.

என் தம்பி கலியாணத்துக்கு முதல்நாள் பொன்னி ஒரு சவுரியை நீட்டினாள். “எனக்குக் கொட்டுன முடியெல்லாம் சேத்துவச்சுப் பேளுக்குறிச்சிச் சந்தையில கட்டிக்கிட்டு வந்தனுங்க்கா. அன்னிக்கு மாமா உங்களச் சிரிச்சது எனக்கே சங்கட்டமாப் போச்சுங்க.”

காய்ந்த என் தலையை நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்து, சவுரி வைத்துப் பின்னிவிட்டாள். ஒரு முடிகூட அறுந்துபோகவில்லை.

கலியாணத்தில் எல்லோரும் என் சடையைப் புகழ்ந்தார்கள். பொன்னிதான் அதிகம் பூரித்தாள்.

இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. என் பெட்டியிலிருக்கும் அந்தச் சவுரி மட்டும் இன்னும் கருகருவென்றே இருக்கிறது.