மிளகு போடாத ரசம்

சாப்பிட உட்கார்ந்தாலே எனக்கு வாய் எரியும். "ரசத்துல மிளகைக் கொட்டிட்டியா?" என்று மனைவியிடம் கத்துவேன். அவளும் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் நான் மறுபடியும் கத்தியதும், "ஏன்னா, இன்னிக்கு மிளகே போடலை. வாங்கோ, வாயைக் காட்டிண்டு வரலாம்" என்று பக்கத்துப் பேட்டையான டாக்குரியாவிலுள்ள பல் மருத்துவரிடம் இழுத்துப்போனாள்.

"பல்லே வலிக்கலையேடி!"

மருத்துவர் வங்காளிப் பெண். என் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். "மேஷோமஷாய்," என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டார். "நீங்க மெல்லற ஜர்தா பான், அந்தப் புகையிலை வெத்தலையை, இன்னையோட நிறுத்துங்க. நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. விட்டிருந்தா புற்றுநோயாக்கூட மாறியிருக்கலாம்."

ஆட்டோவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன்னை அநியாயமாத் திட்டிட்டேன்."

"போறும். இனிமே பான் கடைப் பக்கம் போனேள்னா நிஜமாவே மிளகைக் கொட்டிடுவேன்."

சிகிச்சையில் வாய் ஆறிவிட்டது. ஆனாலும் ரசம் ஊற்றும்போது, "காரமா இருக்கா?" என்று இன்றும் பயந்துகொண்டே கேட்கிறாள். அந்தப் பயம் நான் கொடுத்தது. "இன்னும் கொஞ்சம் விடு" என்று தட்டை நீட்டுகிறேன்.