பெனால்டியில் போன பேச்சு

இடது காலால் அடிப்பவனை நான் நம்ப மாட்டேன். நாலு பேரை ஏமாற்றிவிட்டு ஐந்தாவது ஆளிடம் பந்தைப் பறிகொடுப்பவனையும் நம்ப மாட்டேன். கோல் போட்டதும் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு போடுகிறவன் அடுத்த ஆட்டத்தில் ஒன்றும் செய்ய மாட்டான். இதெல்லாம் என் அபிப்பிராயங்கள். யாரும் கேட்காமலே சொல்வது என் பழக்கம். நான் சொல்லி முடிப்பதற்குள் "தப்பு" என்று சொல்ல எனக்கு ஒருத்தன் இருந்தான்.

அவனும் நானும் திருவள்ளூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எங்களுடையது பெருமாள் கோவில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம். தோல் பந்தைத் தொட்டுவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அம்மா என்னை உள்ளே விடுவாள். அவனுடைய வீட்டாருக்குப் பெரியபாளையம் போகும் சாலையில் நெல் வயல் இருந்தது. நடவு நேரத்தில் பந்தின் பின்னால் ஓடினால் அவனுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. இரண்டு பேரும் ஆட்டக்காரர்கள் ஆகவில்லை. ஆடாதவனுக்குத்தான் ஆட்டத்தைப் பற்றி வாய் நீளம்.

பிறகு நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆனேன். அவன் காக்களூர் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். சனிக்கிழமை மதியம் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பக்கத்து மைதானத்தில் லீக் ஆட்டம் பார்ப்பது எங்களுக்கு அமாவாசைத் தர்ப்பணம் மாதிரி தவறாத காரியம். கேலரியில் கார்னர் கொடிக்கு நேர் மேலே இருந்த சிமெண்ட் படி எங்களுடையது. அங்கே வறுத்த கடலை விற்றவர் கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார், எல்லாரையும் நைனா என்பார்.

அவனிடம் எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. தொள்ளாயிரத்துப் பதினொன்றில் நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடிக் கல்கத்தாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்தார்களே, சுதந்திரம் அன்றைக்கே வந்துவிட்டது, நாற்பத்தேழில் வந்தது அதற்கு ரசீது என்பான். பந்தடித்தா வெள்ளைக்காரன் போனான், ஜெயிலுக்குப் போனவனெல்லாம் முட்டாளா என்று நான் கத்துவேன். ரயில் பெட்டியில் மற்றவர்கள் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். திருவள்ளூர் வந்ததும் ஒன்றாக இறங்கி ஒரே கடையில் டீ குடிப்போம்.

அறுபத்தேழில் என் கட்சி தோற்றது. அவனுடைய கட்சி கோட்டைக்குப் போனது. அதைக்கூட இரண்டு பேரும் தாங்கிக்கொண்டோம். கொஞ்ச நாள் கழித்து நடந்த ஒரு ஆட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கைதட்டும் அணிக்குக் கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. கேப்டன் அனுபவஸ்தர், அவர்தான் அடிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அந்த வருஷம்தான் அணிக்கு வந்திருந்த ஓர் உயரமான சென்டர் ஃபார்வர்ட், கேப்டன் கையிலிருந்த பந்தைக் கேட்டு வாங்கினான். அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போனது. தோற்றோம்.

திரும்பும் ரயிலில் நான் ஆரம்பித்தேன். பெரியவர் இருக்கும்போது நேற்று வந்தவன் பந்தை வாங்கலாமா என்றேன்.

"தைரியம் இருக்கறவன் அடிக்கட்டும்டா. வெளிய போனா போவட்டும். உங்க ஆளுங்க இருபது வருஷமா அடிச்சு இன்னா கிழிச்சாங்க?" என்றான்.

பேச்சு பெனால்டியை விட்டுத் தடம் மாறிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நான் அவன் தலைவர்களைச் சொன்னேன். அவன் என் தெருவைச் சொன்னான். நான் அவன் படிப்பைச் சொன்னேன். வேப்பம்பட்டு தாண்டும்போது அவன் எழுந்து நின்றுகொண்டான்.

"இனிமே உன்கூட ஒரு வார்த்த பேசினா நான் பெரியபாளையத்தா புள்ள இல்ல. ஆத்தா மேல சத்தியம்."

"பெருமாள் மேல ஆணை. நானும் பேசல" என்றேன்.

கோபத்தில் செய்த சத்தியம்தான். ஆனால் சாமி மேல் செய்தது. அவன் வருஷா வருஷம் ஆடி மாதத்தில் வேப்பிலை கட்டிக்கொண்டு பெரியபாளையத்து அம்மன் கோவிலைச் சுற்றி வருகிறவன். நான் தினமும் பெருமாள் தீர்த்தம் குடிக்கிறவன். யார் முதலில் மீறுவது?

அடுத்த சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போனபோது அவன் அதே படியில் உட்கார்ந்திருந்தான். நகர்ந்து உட்கார எனக்கு மனமில்லை. அது என் இடம். அவனும் நகரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தோம். அப்படியே வருஷங்கள் போயின. பேச வேண்டியதைக் கடலைக்காரரிடம் பேசினோம்.

"நைனா, ஆஃப்சைடு கூடத் தெரியாம சில பேர் ஆட்டம் பாக்க வந்துடறாங்க" என்பான் அவன்.

"ரெஃபரியவிட அதிகமா தெரிஞ்சவங்க விசில வாங்கிக்கினு உள்ள எறங்கலாம்னு சொல்லுங்க" என்பேன் நான்.

"பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு என்னப் போட்டு பேஜார் பண்றீங்களே" என்பார் அவர். ஆனாலும் சொல்வார்.

அவனுடைய கட்சி உடைந்த வருஷம் அவன் முகம் செத்துக் கிடந்தது. எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. நெருக்கடி நிலையின்போது அவன் கட்சி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கடலைக்காரரைக் கூப்பிட்டேன்.

"சில பேர் கொஞ்ச நாளைக்கு வாய மூடிக்கினு இருக்கறது நல்லதுன்னு சொல்லுங்க."

"நான் வாய மூடி வருஷக்கணக்கு ஆச்சுன்னு சொல்லு நைனா" என்றான் அவன், மைதானத்தைப் பார்த்தபடியே.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி வந்தது. தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டினார்கள். வாரம் ஒரு நாடகம். நாடகம் என்றால் ஒரு சோபா, இரண்டு கதவு. ஒரு கதவு வழியாக வந்து அழுதுவிட்டு இன்னொரு கதவு வழியாகப் போவார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமலே பதினோரு பேரும் நிற்கிற அணி மாதிரி இருக்கும். அதையும் விடாமல் பார்த்தேன், குறை சொல்வதற்காக. அவனும் வருவான். பெட்டிக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பார்ப்பான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பான். மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கக்கூட இவனுக்குக் கௌரவம் குறைகிறதா என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மட்டமான நினைப்பு.

ஓர் அமாவாசையன்று அது எனக்குப் புரிந்தது. எங்கள் பெருமாள் நோய் தீர்க்கிறவர். அன்றைக்குக் குளக்கரையில் கூட்டம் நெரியும். வெல்லக்கட்டியைத் தண்ணீரில் போட்டு, வெல்லம் கரைவது போல் நோயும் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். கை வலிக்காரர்கள் வெள்ளித் தகட்டில் செய்த கையும் கால் வலிக்காரர்கள் காலும் வாங்கி உண்டியலில் போடுவார்கள். அன்று கூட்டத்தை வரிசையில் விட அப்பாவுக்கு ஒத்தாசையாக உண்டியல் பக்கம் நின்றிருந்தேன். அவன் மனைவி வந்தாள். அவள் உள்ளங்கையில் இருந்தது ஒரு ஜோடிக் கண்.

"யாருக்கும்மா?" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அவுருக்குத்தாண்ணா. ஒரு கண்ணு சுத்தமா பூட்சி. இன்னொண்ணும் மங்கிக்கினே வருது. நரம்பாம், கண்ணாடி போட்டாலும் ஆவாதாம். பெரிய ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாரு."

வெள்ளிக் கண்களை உண்டியலில் போட்டுக் கும்பிட்டாள்.

"சனிக்கிழமையானா பந்தாட்டத்துக்குப் பூடறாரு. இன்னாத்தப் பாக்கறாரோ. இந்த வருசத்தோட நிறுத்திடறேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

அவள் போன பிறகு உண்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நிறுத்திவிட்டால் அந்தப் படியில் நான் மட்டும் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அவனைப் பார்க்க எனக்கு ஒரு சாக்கும் இல்லை. பேசாமலே இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறான் என்பதை வைத்துத்தான் இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை விசில் ஊதியதும் நான் வாயைத் திறந்தேன். மைதானத்தைப் பார்த்தபடி, உரக்க. "நம்ப ஹாஃப் பேக் பந்தை எடுத்துட்டான். வலது பக்கம் தள்றான். அவன் ஓடறான். கார்னர் கிட்ட போயிட்டான். முட்டாள், வெளிய அடிச்சிட்டான்." பெருமாள் மேல் நான் ஆணையிட்டது அவனிடம் பேசுவதில்லை என்று. காற்றிடம் பேசுவதில்லை என்று இல்லை.

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கடலைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா நைனா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். நான் நிறுத்தவில்லை. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், வலது ஓரத்தில் ஆளே இல்லை, இவன் நடுவில் கொடுக்கிறான் என்று நான் சொன்னதும் அவன் குரல் கேட்டது.

"நைனா, வலது பக்கம் அவ்ளோ எடம் காலியா கெடக்கும்போது எதுக்கு நடுவுல குடுத்தான்னு கேளு."

நான் சொன்னதைக் கேட்டு ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. கடலைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் என்னவோ புரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை.

அந்த சீசன் முழுவதும் தொண்டை கட்டக் கட்டச் சொன்னேன். நடுவில் விட்டிருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யார் நகர்ந்தது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

கடைசி ஆட்டம் வந்தது. அந்த உயரமான சென்டர் ஃபார்வர்ட் இப்போது கேப்டன். முன்தலை வழுக்கையாகிவிட்டது. முழங்காலில் கட்டு. அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம் என்று பேசிக்கொண்டார்கள். முடியும் நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. "பெனால்டி!" என்று கத்தினேன். "உயரமானவன்தான் பந்தை எடுக்கறான். வெக்கப் போறான்."

அவன் வைக்கவில்லை. திரும்பிப் பார்த்து, மீசைகூட சரியாக முளைக்காத ஒரு பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

என் வாய் அடைத்துவிட்டது. இதைச் சொன்னால், அன்றைக்கு ரயிலில் அவன் சொன்னதுதான் சரி என்று நானே சொல்வதாகும். அவ்வளவு பாழும் ரோஷம் எனக்கு. மைதானமே அமைதியாக இருந்தது. என் பக்கத்தில் அவன் இங்கேயும் அங்கேயும் தலையைத் திருப்பினான். கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"யார்ரா அடிக்கிறான்? சொல்றா."

கடலைக்காரரிடம் இல்லை. என்னிடம்.

"சின்னப் பையன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சின்னப் பையன்டா. உன் ஆளு பந்தை அவன்கிட்ட குடுத்துட்டான்."

அவன் என் மணிக்கட்டை விடவில்லை. பையன் ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கூட்டம் "ஐயோ" என்றது.

"போச்சு" என்றேன்.

"போனா போவட்டும்" என்றான்.

ரயிலில் ஜன்னலோரம் அவனை உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேப்பம்பட்டு வரும்போது கேட்டேன். "ஏன்டா, ஆத்தா மேல பண்ண சத்தியம்?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்தப் பையன் எந்தக் கால்ல அடிச்சான்னு சொல்லு."

"இடது கால்."

"அதான் வெளிய பூட்சி" என்றான். என் அபிப்பிராயம் ஒன்றை அவன் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக்காலத்துக்குள் அவன் பார்வை முழுவதும் போய்விட்டது. வெல்லமும் வெள்ளிக் கண்ணும் பலிக்கவில்லை. அந்த விஷயத்தில் பெருமாளிடம் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அடுத்த சீசனில் அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேலரிப் படி ஏறினான். நான் பார்த்ததைச் சொன்னேன். தப்பு என்றான். பார்த்தவன் நானா நீயா என்று கத்தினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.