மஞ்சள் துணியில் முப்பத்திரண்டு நோட்டு

செந்தமிழ்ச்செல்விக்குப் பெயர் வைத்தவர் அவளுடைய அப்பா. கோயில் வாசலை மிதிக்காத மனிதர். சாதகம் பார்க்காமல், ஐயரைக் கூப்பிடாமல், மாலை மாற்றித்தான் மகளைக் கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொடுத்த இடமோ, தியாகதுருகத்தில் சாமியைக் கேட்காமல் சோற்றுப்பானையைக்கூட இறக்காத வீடு. இருபத்து மூன்று வருடங்கள் அவள் இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தாள். இந்த ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், அந்தப் பழக்கத்தை விட்டாள்.

காரணம் அவள் மகள் ரம்யா. நான்கு வருடம் நர்சிங் படித்து முடித்தவளுக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்ட் இருபதாம் தேதி அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். அசல்கள் கல்லூரி அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருந்தன. கட்டணப் பாக்கி ஐம்பத்தெட்டாயிரத்தைக் கட்டினால்தான் வெளியே வரும் என்றார்கள். சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. அந்தத் தீர்ப்புகள் கல்லூரி அலமாரிகளின் பூட்டின் காதில் விழுவதில்லை.

சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவுகிறவள் செல்வி. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு எங்கே போவாள்? அப்போதுதான் மாமியாரின் மஞ்சள் முடிச்சு ஞாபகத்துக்கு வந்தது.

அவள் புருஷன் ராசு லண்டனில் ஓர் ஓட்டலில் ஏழு வருடம் தோசை மாஸ்டராக இருந்தவன். ஏஜெண்டுக் கடன் என்று சொல்லி முதலாளி சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் நோட்டாகக் கொடுப்பார். ஊருக்கு யார் வந்தாலும் அவர்களிடம் அம்மாவுக்கென்று தனியாக இருபது பவுண்டு நோட்டு ஒன்றிரண்டும் கொஞ்சம் சில்லறையும் ராசு கொடுத்தனுப்புவான். அம்மா கொளஞ்சியம்மாள் அதைச் செலவழிக்கவில்லை. மகன் முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தால் குலதெய்வத்துக்குக் காணிக்கை என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து வைத்தாள். ஒவ்வொரு நோட்டு வரும்போதும் துணியை மறுபடி நனைத்து மறுபடி முடிந்தாள்.

ராசு வந்து சேர்ந்தான், கொதிக்கும் எண்ணெய் கொட்டி வலது கை வெந்து, விரல்கள் வளைந்துபோய். வந்து ஆறு வருடமாகிறது. முழு உடம்பாக வரவில்லையே, ஆகவே வேண்டுதல் பலித்ததாகக் கணக்கில்லை. பலிக்காத காணிக்கையைச் சாமிக்குச் செலுத்தக் கூடாது. சாமிக்கென்று வைத்ததை மனிதர்கள் தொடக் கூடாது. கை நேராகட்டும் என்று கொளஞ்சியம்மாள் காத்திருந்தாள். அந்தக் கைக்கு மருந்து வாங்கக் காசில்லாத மாதங்களிலும் முடிச்சு அவிழவில்லை. அறிவை அடகு வைத்தவர்கள் வட்டியைப் பிள்ளைகளின் உடம்பில் கட்டுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை செல்வி சாமி மாடத்திலிருந்து முடிச்சை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்தாள். கொளஞ்சியம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"அத அவுத்தா புள்ளைக்கு ஆவாது செல்வி."

"இன்னும் இன்னா ஆவணும் அத்தே? நீங்க முடிஞ்சு வெச்சிருந்தப்பத்தான அவருக்குக் கை வெந்துச்சு. இது எண்ணெயத் தடுத்துச்சா?"

கொளஞ்சியம்மாள் மகனைப் பார்த்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த ராசு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவுக்கட்டும், வுடும்மா. நான் சம்பாரிச்சதுல ஒண்ணாவது எம் பொண்ணுக்கு ஆவட்டும்."

முப்பத்திரண்டு நோட்டு. ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. அவற்றோடு நாற்பது ஒற்றைப் பவுண்டுக் காசுகள். இன்றைய விலைக்கு நோட்டு மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் வரும் என்று ரம்யா செல்போனில் பார்த்துச் சொன்னாள். அன்று அந்த வீட்டில் மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள், கொளஞ்சியம்மாள் சாப்பிடவில்லை.

மறுநாள் செல்வி கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே பக்கீர் முகமதுவின் கடை. விமான டிக்கெட் போடுவார், விசாவுக்கு எழுதிக் கொடுப்பார், வெளிநாட்டுப் பணத்தைச் சென்னையில் உரிமம் உள்ளவர்களிடம் மாற்றித் தருவார். ராசுவுக்கும் அவர்தான் டிக்கெட் போட்டவர். நோட்டை விரித்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா தங்கச்சி, நோட்டா கொழம்பா? மஞ்ச வாசனை தூக்குது."

செல்வி சிரித்தாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நோட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"இது காயிதம்மா. அங்க இப்ப பிளாஸ்டிக் நோட்டுதான் ஓடுது. இத ரெண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பரோட நிறுத்திட்டாங்க. எந்தக் கடையிலயும் செல்லாது, நானும் வாங்க முடியாது."

செல்வி நோட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று இங்கே அறிவித்த வருடம், அரிசிப் பானைக்குள் அவள் மறந்துபோன நாலாயிரம் காகிதமானது. கெடு முடிந்து பத்து நாள் கழித்துக் கண்டெடுத்து, வங்கி வங்கியாக ஏறி இறங்கினாள். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இதுவும் அப்படித்தானா?

அப்படியில்லை என்றார் பக்கீர் முகமது. அச்சடித்த வங்கி லண்டனில் இருக்கிறது. எத்தனை வருடமானாலும் அது தன் பழைய நோட்டை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும். ஆனால் இங்கிருந்து தபாலில் பணம் அனுப்பக் கூடாது. ஆள்தான் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் கறைக்கு அவர் உத்தரவாதம் சொல்ல மாட்டார். காசு விஷயம் இன்னும் மோசம். இந்தப் பழைய வட்டப் பவுண்டுக் காசை இரண்டாயிரத்துப் பதினேழிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே வங்கிக் கணக்கு வைத்திருப்பவன் தன் கணக்கில் போட்டால்தான் உண்டு.

"எம் பொண்ணு அப்சானா அங்கதான் படிச்சிக்கினு இருக்குது. லீவுக்கு வந்திருக்குது, செப்டம்பர் பதினொண்ணு திரும்பிப் போவுது. அது கையில குடு. ஆனா அக்டோபருக்கு முன்ன காச எதிர்பாக்காத."

அக்டோபர். வேலையில் சேர வேண்டியது ஆகஸ்ட் இருபது.

கடை வாசலிலேயே சிவசங்கர் பிடித்துக்கொண்டான். பழைய நாணயம், பழைய நோட்டு வாங்கி விற்கிறவன். உள்ளே பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறான். மொத்தத்துக்கும் பதினைந்தாயிரம், இப்பவே ரொக்கம் என்றான். நாளைக்கு வந்தால் பத்துதான் என்றும் சொன்னான். தவிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் எல்லா ஊர்ப் பேருந்து நிலையத்திலும் இருக்கிறார்கள். செல்வி அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். பதினைந்தாயிரத்துக்கு அலமாரி திறக்காது. அதன் பிறகு நோட்டும் இருக்காது. அவள் மறுபடி கடைக்குள் போனாள்.

சாயங்காலம் அப்சானா வந்து ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் படமெடுத்து, தன் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வங்கி வாங்காவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். காசுகளையும் அவள் கணக்கில் போடுவதாகச் சொன்னதற்குச் செல்வி சம்மதிக்கவில்லை. படிக்கிற பெண்ணின் கணக்கில் எதற்கு இந்தத் தொல்லை என்று வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டாள்.

நடந்ததைக் கேட்ட கொளஞ்சியம்மாள், முடிச்சை அவிழ்த்த குற்றம் என்றாள். விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், குறையைச் சாமிக்கு மனுவாக, பிராது எழுதிக் கட்டிவிட்டு வரச் சொன்னாள். செல்வி ரம்யாவைப் பிராது எழுதச் சொன்னாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் அதைக் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தார்கள். மூன்று மணி நேர வரிசை. வாங்கிய அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே மேலே ஏதோ எழுதினார். அவ்வளவுதான் என்று செல்வி நினைத்தாள்.

வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து போன் வந்தது. அலுவலகத்தில் கண்காணிப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மேலிடம் வரை போய்விட்டீர்களே, எங்களைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டோமா என்றார். நான்கு முறை கேட்டதை ரம்யா தேதியோடு சொன்னாள். அவர் ஒரு முத்திரைத்தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினார். பாக்கியைக் கட்டுவோம் என்று பெற்றவர் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். தொகையும் தேதியும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"கையெழுத்துப் போடும்மா. அத நாங்க அப்புறம் எழுதிக்குவோம்."

செல்வி பேனாவை மேசைமேல் வைத்தாள். "எழுதிட்டுக் குடுங்க சார், போடறேன்."

"நம்பிக்கை இல்லியா?"

"எம் பொண்ணு மார்க்ஷீட்ட நீங்க எதுக்குப் பூட்டி வெச்சிங்க, நம்பிக்கையிலயா?"

பக்கத்து மேசைக் குமாஸ்தா குனிந்து சிரித்தார். கண்காணிப்பாளர் எழுதினார்: ஐம்பத்தெட்டாயிரம், அக்டோபர் முப்பத்தொன்று. ரம்யா ஒரு முறை படித்தாள், செல்வி ஒரு முறை படித்தாள். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே, ரம்யா அசல் சான்றிதழ்கள் இருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் நின்றாள்.

"அந்த பேங்க்கு மஞ்ச நோட்ட வாங்கலன்னா இன்னாம்மா பண்ணுவ?"

செல்விக்கும் அதே பயம்தான். எழுத்தில் கொடுத்தாயிற்று, அக்டோபர் முடிந்தால் கண்காணிப்பாளர் எந்த நாளும் அந்தத் தாளை நீட்டலாம். ஆலைச் சம்பளத்தில் எத்தனை மாதம் சீவினாலும் அந்தத் தொகை வராது.

"வாங்கலன்னா அன்னிக்கிப் பாத்துக்கலாம்," என்றாள். "காலேஜுக்காரங்க இன்னொரு தபா கேட்டாலும் இதத் திருப்பிக் குடுக்காத. எதுக்குன்னாலும் குடுக்காத."