பச்சைக் கதவில் சிவப்பு எண்

காலை 8.05. செம்பூர் ரயில் நிலையம். அணுசக்தி நகரில் தம்பி வீட்டில் தங்கியிருக்கிறேன். இன்று பதினொரு மணிக்குத் தாராவியில் இருக்க வேண்டும். தாராவிக்குப் பக்கத்திலுள்ள மாட்டுங்காவுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், குர்லாவில் வண்டி மாற வேண்டும். அந்த ஐந்து ரூபாய்க்கு மும்பை நம் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கிவிடுகிறது.

வேலை என்னுடையதல்ல, காதருடையது. எங்கள் ஊருக்குப் பக்கத்து மேலப்பாளையம் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, மேலே குடித்தனம். அவருடைய தெருவை அகலப்படுத்தப்போவதாகப் பல வருடங்களாகப் பேச்சு. அவ்வப்போது யாராவது அளக்க வந்து கதவில் எண் போட்டுவிட்டுப் போவார்கள், அப்புறம் ஒன்றும் நடக்காது. அதனால் போன வருடம் போட்ட சிவப்பு எண்ணையும் காதர் சட்டை செய்யவில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் பட்டறைக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பது அவர் வழக்கம். இந்த வருடமும் அடித்தார், எண்ணின் மேலேயே.

இப்போது திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. கதவில் எண் இருப்பவர்களுக்குத்தான் மாற்று இடமாம். இன்று சரிபார்க்க வருகிறார்கள்.

"போன வருசம் கதவோட நீரு எடுத்த படம் போன்ல கெடக்கும்லா வே? பிரிண்டு போட்டுக் கொண்டாரும்" என்று நேற்று இரவு போனில் கேட்டார். கிடக்கிறது என்று நானும் பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டேன்.

9.10. மாட்டுங்கா. நேராகப் பிரிண்ட் கடைக்குப் போயிருக்க வேண்டும். காபி வாசனைக்கு மயங்கிவிட்டேன். இரண்டு இட்லி, ஒரு காபி, நூற்றுப் பத்து ரூபாய். அதன் பிறகு கடைக்குப் போனால் படம் கையில் வரப் பத்து மணி தாண்டிவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். கதவின் நடுவில் காதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். 'நடுவுல நில்லும் வே, அப்பத்தான் எடுப்பா இருக்கும்' என்று நிறுத்தியவனே நான்தான். அவர் தோளுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு தெரிகிறது. எண்ணைக் காணோம்.

10.15. டாக்ஸி. தூரம் இரண்டு கிலோமீட்டர்தான். முதல் சிக்னலிலேயே கால் மணி நேரம் போயிற்று. ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ரூவல் வந்துருச்சு சேட், தெரியுமா? ரோடு அகலமாயிட்டா இது அஞ்சு நிமிஷம்" என்றார் இந்தியில்.

நானும் உற்சாகமாகத் தலையாட்டிவிட்டேன். போன முறை இந்த ஊரைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதியபோது, இந்தத் தெருக்களைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் யார் குடி முழுகிவிடும் என்று கேட்டிருந்தேன். அது நினைவுக்கு வந்தபோது கையிலிருந்த படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

10.55. தாராவி. மீட்டர் அறுபத்திரண்டு ரூபாய். பட்டறை வாசலில் சரிபார்க்க வந்த அதிகாரி, ஒரு நடுவயதுப் பெண், பட்டியலோடு நின்றிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். "இதில் ஆள்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, "தெருக்கோடி வரை பார்த்துவிட்டு இப்படியேதான் திரும்புவேன். அதற்குள் எண்ணைக் காட்டுங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை.

"தின்னர் எடுத்தாரேன், தொடைச்சிருவோம்" என்றார் காதரின் மனைவி ஜமீலா.

"வேண்டாம்ளா. தின்னரு போட்டா ரெண்டு பெயிண்டும் சேந்து போயிரும்."

காதர் உள்ளே போய்த் தோல் சீவும் கத்தியோடு வந்தார். பையின் மடிப்புக்குத் தோலைக் காகிதம் போல மெலிதாகச் சீவுகிற கத்தி. கதவின் முன் குந்தி உட்கார்ந்து, கத்தியைப் படுக்கவைத்து, பச்சையை இழை இழையாக வழிக்க ஆரம்பித்தார். கை கொஞ்சம் அழுத்தினாலும் அடியில் இருக்கும் சிவப்பும் சேர்ந்து வந்துவிடும். முதலில் ஒரு ஏழின் வால் தெரிந்தது. பிறகு நான்கு. கடைசியில் ஒரு இரண்டு, பாதி சிதைந்து.

அதிகாரி திரும்பி வந்தார். குனிந்து பார்த்து, விரலால் தடவி, பட்டியலில் டிக் போட்டார். ஜமீலா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். பக்கத்துப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் அரை கிளாஸ் கட்டிங் சாய் சொன்னார். நானும் காதர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

காதர் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இம்புட்டு பாடுபட்டு எதைய வே கண்டுபிடிச்சிருக்கேன்? இடிக்க வாரவனுக்கு இந்த வீடுதான்னு அடையாளம் காட்டிருக்கேன்" என்றார். மாற்று இடம் எங்கே, மேலே குடித்தனம் இருக்க விடுவார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

மதியம் 12.30. நான் கிளம்பும்போது காதர் வாசல் வரை வந்தார்.

"போனை எடும் வே. இன்னொரு படம் எடுத்துக்கிடும்."

கதவின் நடுவில் நிற்பார் என்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அவர் சாக்கடை ஓரமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நான் வேண்டாம். கதவு மட்டும் விழட்டும்."

திரும்பும்போதும் அதே சிக்னலில் இருபது நிமிடம். மேலப்பாளையத்திலிருந்து பைபாஸில் ஏறினால் எங்கள் ஊருக்கு இப்போது பத்தே நிமிடம்தான். பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ரோடு போட்ட இடத்தில் எத்தனை கதவு இருந்தது என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.