ஆறாவது கியர் யாருக்கு வேண்டும்?

லாரி விற்க அலைந்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: பணம் போடுபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர், முடிவு செய்பவர் நாம் வணக்கம் வைக்க மறந்த மூன்றாமவர்.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு லாரி ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ஊரே ஐந்து கியர் வண்டி ஓட்டிய காலத்தில் எங்களுக்கு ஆறு கியர் வண்டி வந்து இறங்கியது. "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒண்ணாவது போகோணும். இல்லீன்னா உன்னையத் தர்மபுரி பிராஞ்சுக்கு மாத்திப்போடுவேன்" என்றார் மேனேஜர். எனக்குக் கல்யாணமான புதிது. மனைவிக்கு உள்ளூரிலேயே, பீளமேட்டில் வேலை.

சாமியின் தீர்ப்பு

காங்கேயத்து எண்ணெய் மில் முதலாளி நாக்பூருக்கு லோடு அனுப்புகிறவர். நீண்ட ரோட்டில் ஆறாவது கியர் போட்டால் இன்ஜின் அலட்டிக்கொள்ளாது, டீசல் மிச்சம் என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, நேராகக் கோயிலுக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கம் பெண் எடுக்கவும் போர்வெல் போடவும் சாமியிடம் பூக் கேட்பார்கள். கியருக்குக் கேட்டவர் இவர்தான்.

இரண்டு பூவைப் பொட்டலமாக மடித்து சாமி முன் வைத்தார்கள்: சிவப்பு வந்தால் ஆறு, வெள்ளை வந்தால் ஐந்து. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. இன்னொரு தடவை கேட்கலாமே என்றேன், நாக்கூசாமல். அவர் கோபப்படவில்லை. "ஏனுங்க தம்பி, சாமிகிட்டப் போயி ரெண்டாவது கொட்டேசன் கேக்கறதுங்களா?"

டெல்லிக்கு அந்தப் பக்கம்

பல்லடம் துணி வியாபாரி, தன் டிரைவர் சரியென்றால் சரி என்றார். ஓட்டிப் பார்க்கப் புது வண்டியில் டிரைவரோடு நானும் ஏறினேன். சூலூர் தாண்டி நல்ல ரோடு வந்தும் அவர் கை ஐந்தோடு நின்றுவிட்டது. "அண்ணா, அடுத்ததப் போடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். பல்லடமே வந்துவிட்டது. இறங்கித் துண்டால் முகம் துடைத்தபடி சொன்னார்: "அஞ்சுலயே டெல்லி வந்தருதுங்க. ஆறாவதப் போட்டு அதத் தாண்டி எங்கீங்க போறது?"

அம்மணி கேட்ட கேள்வி

ஆனி முடியும் நேரம். சொந்த லாரியைத் தானே ஓட்டி மஞ்சள் ஏற்றும் கொடுமுடிக்காரர் மனைவியோடு வந்தார். என் டீசல் கணக்கையெல்லாம் கேட்டு, "ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்று எழுந்தார். தர்மபுரி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அம்மா மட்டும் அசையவில்லை. ஆறாவதில் சத்தம் குறையுமா என்றார். குறையும் என்றேன். "அப்ப அதயே எடுத்துப்போடலாமுங்க. லாரிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி, இவரு சோறு கேட்டா நாலு ஊட்டுக்குக் கேக்குது."

மேனேஜரின் பரிசு

எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி கிளம்பியதும் மேனேஜரிடம் ஓடினேன். கையைப் பிடித்துக் குலுக்கி, காபி சொன்னார். "தர்மபுரீல ஆறு கியர் வண்டி வரிசையா நிக்குது கண்ணு. அத விக்கத் தெரிஞ்ச ஆளு உன்னைய உட்டா யாரு இருக்கறா? சீனியராவே போ."

விற்காவிட்டால் தண்டனை, விற்றால் பதவி உயர்வு. இரண்டுக்கும் ஏறுகிற பஸ் ஒன்றுதான்.